மூடிய கிணறு டிரைவருக்குத் தெரியுமா?

லாரி கிரேன் எங்காவது கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் அநேகமாக ஒரே வாசகம்தான் வரும். "எதிர்பாராதவிதமாகக் கிரேன் நிலைதடுமாறிச் சாய்ந்தது." அடுத்த வரியில் டிரைவர் மீது வழக்கு. முன்பு இ.பி.கோ. 304-ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 106. எண் மாறியது. தண்டனையும் இரண்டு வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் வரை ஏறியது. வாசகம் மட்டும் மாறவே இல்லை.

அந்த "எதிர்பாராதவிதமாக" என்ற சொல்மீதுதான் எனக்குக் கோபம். முப்பது வருஷம் ஒரு ஸ்டோர்ஸ் யார்டில் இருந்தவன் நான். லாரி கிரேன் வந்து நிற்பதையும், கால் ஊன்றுவதையும், சரக்கை இறக்கிவிட்டுப் போவதையும் ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன். கிரேன் கவிழ்வதைப் போல் எதிர்பார்க்கக்கூடிய விபத்து வேறில்லை. தூக்குவதற்கு முன்னால் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தால், கவிழுமா கவிழாதா என்று பாதிக்கு மேல் சொல்லிவிடலாம். சொல்லாமல் விடுகிறோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு டிரைவரைப் பிடித்துக் கொடுக்கிறோம்.

லாரி கிரேன் என்று நான் சொல்வது, கேபினுக்குப் பின்னால் மடக்கிவைத்த கையோடு வருமே, அந்த வண்டி. சரக்கையும் அதுவே கொண்டுவரும், அதுவே இறக்கியும் வைக்கும். 1940களில் ஸ்வீடனில் ஹயாப் கம்பெனி ஆரம்பித்துவைத்த ஏற்பாடு இது. லாரியின் எஞ்சினைக் கொண்டே ஹைட்ராலிக் பம்பை ஓட்டி, அந்தக் கையை இயக்குவது. நல்ல கண்டுபிடிப்பு. நாலு பேர் தோளில் சுமந்து முதுகை ஒடித்துக்கொண்ட காலம் அதனால் போயிற்று. கிரேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நிற்க இடம் கொடுங்கள் என்று சொல்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு வெள்ளிக்கோல் நினைவிருக்கும். புளியும் பஞ்சும் வாங்க வருகிறவர்கள் கையில் வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் பெரிய மூட்டை, இன்னொரு பக்கம் கையகல எடைக்குண்டு. குண்டைக் கோலில் தள்ளித் தள்ளி வைத்தால் மூட்டையையே தூக்கிவிடும். எடை பெரிதல்ல, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் பெரிது. கிரேன் கதையும் இதேதான். இங்கே மூட்டை என்பது லாரி, குண்டு என்பது நாம் தூக்கும் சரக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லாரியின் மொத்த எடை 10 டன் என்று வையுங்கள். தூக்குவது ஒரு டன் ஜெனரேட்டர், லாரியின் நடுக்கோட்டிலிருந்து 7 மீட்டர் தள்ளி. கிரேன் கையின் சொந்த எடை ஒரு டன், அதன் நடுப்பகுதி 3.5 மீட்டரில். ஜாக்கி போடாமல் தூக்கினால் வண்டி டயரின் விளிம்பில்தான் சாயும். அது நடுவிலிருந்து சுமார் 1 மீட்டர். பிடித்து நிறுத்துவது 10 டன்-மீட்டர். கவிழ்க்கப் பார்ப்பது சரக்கினால் 6, கையினால் இரண்டரை, ஆக எட்டரை. காகிதத்தில் நிற்கும். சரக்கு கொஞ்சம் ஆடினால் நிற்காது. இப்போது அதே ஜாக்கியை 2.5 மீட்டர் வரை முழுசாக வெளியே இழுத்து ஊன்றுங்கள். பிடித்து நிறுத்துவது 25. கவிழ்க்கப் பார்ப்பது நாலரையும் ஒன்றுமாக ஐந்தரை. அதே லாரி, அதே ஜெனரேட்டர், அதே டிரைவர். ஒன்றரை மீட்டர் இரும்புதான் வித்தியாசம்.

அந்த ஒன்றரை மீட்டரைத்தான் நம் தெருக்களில் யாரும் கொடுப்பதில்லை.

போன ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு அடுக்குமாடிக்கு ஜெனரேட்டர் வந்தது. ஒரு பக்கம் கார் நின்றிருந்தது. டிரைவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், அந்தக் காரை மட்டும் எடுத்தா ஜாக்கியை முழுசா இழுத்துப் போட்டுடுவேன்."

"ஓனர் ஊர்ல இல்லப்பா. நீ கொஞ்சம் பார்த்துப் போடு" என்றார் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர்.

டிரைவர் பார்த்துப் போட்டார். கார் நின்ற பக்கம் ஜாக்கி பாதிதான் வெளியே வந்தது. மறுபக்கம் முழுசாக வந்தது, ஆனால் அதன் தட்டு போய் உட்கார்ந்த இடம் மழைநீர் வடிகாலின் மூடி. ஜெனரேட்டர் தரையைவிட்டு ஒரு அடிகூட எழும்பவில்லை, மூடி பிளந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அந்த மனிதர் பதறாமல் சரக்கை அப்படியே கீழே வைத்தார். யாருக்கும் அடியில்லை. "சாமி காப்பாத்திச்சு" என்றார்கள். அடுத்த நிமிஷமே, உடைந்த மூடிக்கு யார் பணம் கொடுப்பது என்ற பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. டிரைவர் கூலியில் பிடித்தார்கள். காரை எடுக்காதவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பார்த்துப் பண்ணுப்பா." இந்த இரண்டு வார்த்தையைவிட ஆபத்தான உத்தரவு நம் ஊரில் கிடையாது. கேட்பதற்கு அக்கறை மாதிரி இருக்கும். உண்மையில் அதன் அர்த்தம், "இடம் தரமாட்டேன், நேரம் தரமாட்டேன், கட்டை தரமாட்டேன், ஆனால் ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு" என்பதுதான். பார்ப்பதற்கு அவரிடம் என்ன இருக்கிறது? தரைக்குக் கீழே இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியுமா?

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். கிரேனை இயக்கத் தெரிந்தவர் டிரைவர். ஆனால் அவர் நிற்கும் தரையைப் பற்றித் தெரிந்தவர்கள் நாம். எந்த வீட்டு வாசலில் சம்ப் இருக்கிறது, எங்கே செப்டிக் டேங்க் இருக்கிறது, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை எந்த ஓரமாக மூடினார்கள், முன்பு எங்கே கிணறு இருந்தது, எந்த மனை ஏரி வாய்க்காலைத் தூர்த்துப் போட்டது. இதெல்லாம் காலை ஏழு மணிக்கு வேறு ஊரிலிருந்து வந்து நிற்கிற ஒருவருக்கு எப்படித் தெரியும்? மேலே சிமெண்ட் பூசி, கோலமும் போட்டிருக்கிறோம். அவருக்கு அது தரை. நமக்குத்தான் அது மூடிய கிணறு என்று தெரியும். தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு, தெரியாதவர்மேல் வழக்குப் போடுவது என்ன நியாயம்?

ஜாக்கித் தட்டின் கீழே எவ்வளவு அழுத்தம் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. தட்டு 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கால்மேல் 6 டன் இறங்குகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோ. பெட்ரோல் பங்கில் கார் டயருக்கு 30 பவுண்ட் காற்றுப் பிடிக்கிறோமே, அந்தக் கணக்கில் சொன்னால் இது 210 பவுண்டுக்கு மேல். நம் வீட்டு வாசலில் காரை ஏற்றினாலே டைல்ஸ் விரிசல் விடுகிறது என்று புலம்புகிறோம். அதைப்போல் ஏழு மடங்கு அழுத்தத்தை வடிகால் மூடியின்மேல் ஏற்றச் சொல்கிறோம்.

இதற்கு மருந்து ரொம்பச் சாதாரணம். ஒரு பலகை. 60-க்கு 60 சென்டிமீட்டரில், வளையாத கனமுள்ள பலகையைத் தட்டுக்குக் கீழே வையுங்கள். அதே 6 டன் ஒன்பது மடங்கு இடத்தில் பரவும். 15 கிலோ ஒன்றேமுக்கால் கிலோவுக்குள் இறங்கிவிடும். பவுண்ட் கணக்கில் 24. கார் டயரைவிடக் குறைவு. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? கிளீனர் பையன் சுற்றுமுற்றும் பார்ப்பான். கிடைத்தது உடைந்த செங்கல், ஹாலோ பிளாக், தென்னை மட்டை. அதைச் செருகுவான். செங்கல் சுமையைப் பரப்பாது, நொறுங்கும். அதுவும் எப்போது நொறுங்கும்? சுமை முழுசாக ஏறிய பிறகு, சரக்கு அந்தரத்தில் இருக்கும்போது.

பலகை போட்டுவிட்டால் சம்ப் மேலேயும் நிறுத்தலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பலகை மண்ணுக்குத்தான் மருந்து. கீழே வெற்றிடம் இருந்தால், அந்த இடத்தை விட்டு விலகுவதுதான் ஒரே வழி. தோண்டிய பள்ளத்தின் ஓரமும் அப்படித்தான். கெட்டித் தரையானால் பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவாவது தள்ளி நிற்க வேண்டும். தளர்ந்த மண்ணானால் அதைப்போல் இரண்டு மடங்கு. இரண்டு மீட்டர் அஸ்திவாரக் குழிக்கு இரண்டடி தள்ளி ஜாக்கி ஊன்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"கொஞ்சம் புதைஞ்சா என்ன சார்? கொஞ்சம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் என்பது கீழேதான், மேலே அல்ல. இரண்டு பக்க ஜாக்கிகளுக்கும் நடுவே 5 மீட்டர். ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் புதைகிறது. 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் பூம் முனை 20 சென்டிமீட்டர் வெளியே போகும். வெளியே போனால் அந்தக் காலின்மேல் சுமை கூடும். கூடினால் இன்னும் புதையும். புதைந்தால் இன்னும் வெளியே போகும். வட்டிக்கு வட்டி ஏறுவது மாதிரி. அது தொடங்கின பிறகு எந்த டிரைவருடைய சாமர்த்தியமும் பலிக்காது. எங்கள் தெரு மனிதர் தப்பித்தது சரக்கு ஒரு அடி உயரத்தில் இருந்ததால்தான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எந்தச் சரக்கையும் முதலில் நான்கு விரல்கடை உயரம் மட்டும் தூக்கி, அப்படியே நிறுத்தி, நாலு பக்கமும் கால்களைப் பார்ப்பார்கள். அதைப் பார்த்து "ஏம்ப்பா நிறுத்திட்டே, மேலே தூக்கு" என்று கத்துவது நாம்.

வண்டியின் மேல் கூட்டிச் சொல்லும் இன்னொரு கதை: "ஜாக்கியிலே லாரியையே தூக்கிட்டான் பாரு, என்ன பவர்!" லாரி கிரேனில் அது பவர் அல்ல, தப்பு. பெரிய மொபைல் கிரேன்களில் டயர் தரையை விட்டு எழும்ப வேண்டும், அது வேறு. இந்த லாரி கிரேனில் ஜாக்கி இருப்பது தாங்குவதற்கு, லாரியைத் தூக்குவதற்கல்ல. ஸ்பிரிங்கின் பாரம் குறைய வேண்டும், டயர் தரையில் பட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிப்பது சக்கரத்தைத்தானே? சக்கரமே அந்தரத்தில் இருந்தால் பிரேக் எதைப் பிடிக்கும்? சரிவான தெருவில் வண்டி ஜாக்கித் தட்டுகளோடு வழுக்கிக்கொண்டு போகும்.

கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் முக்கியம். பின்பக்கம் வைத்துத் தூக்கும்போது கல்லுப்போல் நிற்கும் வண்டி, பக்கவாட்டில் திரும்பும்போதுதான் பரீட்சைக்கு வரும். பாதி இழுத்த ஜாக்கி இருக்கும் பக்கம் திரும்பினால் பரீட்சையில் ஃபெயில். கேபினுக்கு மேலாக முன்பக்கம் திருப்புவது இன்னும் மோசம். அங்கே பெரும்பாலான வண்டிகளில் ஊன்ற ஜாக்கியே கிடையாது. "இந்தப் பக்கம் காலி இருக்கு, அப்படியே முன்னாடி சுத்தி வை" என்று மாடியிலிருந்து உத்தரவு போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி வழக்கமான சமாதானங்களைப் பார்ப்போம்.

"இத்தனை வருஷமா இப்படித்தான் பண்றோம், ஒண்ணும் ஆகலையே." ஆகாததற்குக் காரணம் கிரேன்காரர்கள் பயந்து பயந்து, கையைக் குறுக்கி, குறைந்த சரக்கைத் தூக்கியதுதான். நம்முடைய முறை சரி என்பதற்கு அது அத்தாட்சி அல்ல.

"அவனுக்குத் தொழில் தெரியாதா?" தெரியும். தெரிந்ததால்தான் காரை எடுக்கச் சொன்னார். வாடகை மணிக்கணக்கு. கார் சொந்தக்காரரைத் தேடிப் போன நேரத்துக்கு நாம் பணம் தருவோமா? "வந்து ஒரு மணி நேரம் சும்மா நின்னுட்டு காசு கேட்கிறான்" என்போம். வேலை வேண்டாம் என்று திரும்பிப் போனால் அவருடைய முதலாளி கேட்பார். இரண்டு பக்கமும் நெருக்கிவிட்டு, நடுவில் இருக்கிறவனிடம் தொழில் தர்மம் பேசுவது நமக்குச் சுலபம்.

"சட்டம் இருக்கே, அதிகாரிகள் பார்க்க மாட்டாங்களா?" 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒரு தடவையாவது தகுதியானவரை வைத்து முழுசாகச் சோதிக்கச் சொன்னது. அது தொழிற்சாலைக்குள். 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமோ, பத்து லட்சத்துக்கு மேற்படாத செலவில் சொந்த வீட்டு வேலை செய்துகொள்ளும் தனிமனிதரை விட்டுவிட்டது. அதாவது, நம் வாசலில் நடக்கும் சின்ன வேலைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். வரப்போவதில்லை என்று தெரிந்தும் அவர் தலையில் கட்டுவது தட்டிக்கழிப்பு. அந்த இடத்தில் இருக்கும் ஒரே இன்ஸ்பெக்டர், ஈஸிசேரைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் நானும்தான்.

கோயில் திருவிழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரி 22 இரவு, அரக்கோணம் பக்கம் கீழ்வீதி கிராமத்தில் மண்டியம்மன் கோயில் திருவிழாவில் கிரேன் சாய்ந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். கிரேன்மேல் ஆட்கள் இருந்தார்கள், சுற்றிலும் ஜனக்கூட்டம். நேர்த்திக்கடனையும் பக்தியையும் நான் குறை சொல்லவில்லை. சரக்கைத் தூக்கச் செய்த இயந்திரத்தில் மனிதர்களைத் தொங்கவிடுவதும், அதைக் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோவதும் பக்திக்குள் எப்படி வந்தன என்றுதான் கேட்கிறேன். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட என்றே பரம்பரையாக ஆட்களை வைத்திருந்த சமூகம் இது. கட்டை போடுகிறவர் கை காட்டாமல் தேர் நகராது. அந்த அறிவு கிரேனுக்கு மட்டும் ஏன் வராமல் போயிற்று?

விமர்சனம் போதும். நாளைக்கு உங்கள் வீட்டுக்கோ தெருவுக்கோ லாரி கிரேன் வந்தால் என்ன செய்யலாம் என்று சொல்லிவிடுகிறேன். முதல் நாளே வண்டி நிற்கும் இடத்தையும், இரண்டு பக்கமும் ஜாக்கி முழுசாக வர வேண்டிய இடத்தையும் காலி செய்யச் சொல்லுங்கள். கார் சொந்தக்காரர் ஊரில் இல்லையென்றால் வேலை நாளை மறுநாள் நடக்கட்டும், ஜெனரேட்டர் அழுகிவிடாது. சம்ப், செப்டிக் டேங்க், வடிகால், தூர்த்த கிணறு, மூடிய பள்ளம் இவற்றைச் சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். டிரைவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினாலும் தப்பில்லை. ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கி முழுசாக வெளியே, கீழே பலகை, வண்டி மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டம், நான்கு விரல்கடைச் சோதனை. இவ்வளவும் கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்துக்கும் வாடகை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னாலே பாதி ஆபத்து தீர்ந்தது. ஜாக்கி இறங்கும்போதும் சரக்கு எழும்பும்போதும் பக்கத்தில் குழந்தைகளும் வேடிக்கை பார்ப்பவர்களும் வேண்டாம், நாமும் வேண்டாம். வேலை முடிந்ததும் ஜாக்கிகளை உள்ளே தள்ளிப் பூட்டியாகிவிட்டதா என்று வண்டி கிளம்புவதற்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டாத ஜாக்கி ஓட்டத்தில் வெளியே நழுவினால் ரோட்டில் போகிறவர் தலைக்கு வரும்.

நலச்சங்கங்களுக்கு ஒரு கோரிக்கை. பொங்கல் விழாவுக்கு ஷாமியானாவும் நூறு நாற்காலியும் வாங்கி வைத்திருக்கிறோம். அதோடு நான்கு கெட்டிப் பலகைகள், 60-க்கு 60-ல், கயிற்றுப் பிடி போட்டு, சங்க அறையில் வைத்துவிடுங்கள். கிரேன் வருகிற வீட்டுக்காரர் எடுத்துப்போய்த் திருப்பித் தரட்டும். ஒரு உடைந்த வடிகால் மூடிக்கு டிரைவரிடம் பிடித்த காசைவிட அதிகம் ஆகாது.

அதற்குப் பிறகும் யாராவது "பார்த்துப் பண்ணுப்பா" என்று ஆரம்பித்தால், நாற்காலியை விட்டு எழுந்துபோய் அவரிடம் கேளுங்கள்: "எதைப் பார்க்கணும்னு நீங்க காட்டினீங்களா?"